கலாசாலையும் கண்காட்சியும்

சென்னையில், இன்று பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை என்று வழங்கும் பழைய பூந்தமல்லி நெடுஞ்சாலையில், சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு மேற்கே செல்வோர், செங்கற் கட்டடங்களும் முதிர்ந்த மரங்களும் நிறைந்த ஒரு வளாகத்தைக் காண்பார்கள். அரசு கவின்கலைக் கல்லூரி என்பது அதன் இன்றைய பெயர். ஊரார் வாயில் அது நெடுங்காலமாக ‘ஆர்ட்ஸ் ஸ்கூல்’. 1850ஆம் ஆண்டில் தோன்றிய அந்த ஸ்தாபனம், பின்னர்க் கல்கத்தாவிலும் பம்பாயிலும் லாகூரிலும் எழுந்த கலாசாலைகளுக்கெல்லாம் மூத்தது. அங்கே பயிலும் மாணவர்கள் தங்கள் படிப்பின் முடிவில் தாம் செய்தவற்றை வரிசையாக வைத்துப் பிறருக்குக் காட்டுகிறார்கள். அடுத்த கண்காட்சிக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிட்டால், அதுவரை வகுப்பறையாக இருந்த இடமெல்லாம் ஊராருக்காகக் காத்திருக்கும் மண்டபங்களாக மாறிவிடுகின்றன.

ஒரு கலாசாலையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், சாதாரணமாக அதன் தலைவர்களின் பெயர்களையும் பாடத்திட்டங்களையும் கட்டடங்களையும் வரிசைப்படுத்துவது வழக்கம். அவை வேண்டியவையே. ஆயினும், ‘இங்கே செய்யப்படுவதை யாருக்குக் காட்டுவது?’ என்ற ஒரே கேள்விக்கு அந்தந்தத் தலைமுறையினர் அளித்த விடைகளைப் பின்தொடர்ந்து சென்றால், நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்ட இந்த ஸ்தாபனத்தின் வரலாறு இன்னும் தெளிவாகத் துலங்குகிறது என்பது என் அபிப்பிராயம். காண்பவர் யார் என்பது மாறிய போதெல்லாம் செய்யப்பட்ட பொருளும் மாறியிருக்கிறது. செய்தவனின் அந்தஸ்தும் மாறியிருக்கிறது.

இக்கலாசாலையைத் தோற்றுவித்தவர் சித்திரக்காரர் அல்லர், வைத்தியர். டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அந்த ராணுவ சத்திர சிகிச்சை நிபுணர், 1850ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனைச் சேர்ந்த பிராட்வேயில், சொந்த முயற்சியால் ஒரு சித்திரப் பள்ளியைத் திறந்தார். மறு ஆண்டே கைத்தொழில் பள்ளி ஒன்றும் அதனுடன் சேர்ந்தது. 1852இல் அவை பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு இடம் பெயர்ந்தன. 1855இல் அரசாங்கம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. வரைவதற்குக் கண்ணையும் கையையும் பழக்குவது ஒரு பகுதி. மட்பாண்டம், ஓடு, மரச் செதுக்கு முதலிய தொழில்களுக்கு இந்நாட்டு மண்ணும் மரமும் எவ்வளவு தூரம் உதவும் என்று பரீட்சித்துப் பார்ப்பது மற்றொரு பகுதி. ஓவியமும் சூளையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. பிற்காலத்தில் அக்கல்லூரியில் சித்திரத்துக்கும் கைத்தொழிலுக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட இழுபறிக்கு வித்து, இவ்வாறு தொடக்கத்திலேயே ஊன்றப்பட்டுவிட்டது.

ஹண்டருடைய காலம் உலகப் பெருங்காட்சிகளின் காலம். 1851ஆம் ஆண்டில் லண்டனில் கண்ணாடி மாளிகையில் கூடிய மகா கண்காட்சிக்குப் பின், எந்த நாட்டில் எந்த மூலப்பொருள் கிடைக்கிறது, எந்த ஊர்க் கைவினைஞன் எதைச் செய்ய வல்லவன் என்பதைக் கண்ணாடிப் பெட்டிகளில் வரிசைப்படுத்திக் காட்டுவது ஆட்சியாளர்களுக்கு ஒரு பெரும் கடமையாகத் தோன்றிற்று. அதே 1851இல் சென்னை அருங்காட்சியகமும் பிறந்தது. 1855இலும் 1857இலும் சென்னை மாகாணத்தின் விளைபொருள்களையும் கலைகளையும் தொழில்களையும் காட்டும் பெருங்காட்சிகள் நடந்தேறின. 1855ஆம் ஆண்டுக் காட்சியில், கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் வைத்த புகைப்படங்கள் பதக்கம் பெற்றன. பிறகு சென்னை அரசாங்கத்தின் புகைப்படக் கலைஞராக நியமனம் பெற்று, மதுரை, தஞ்சை முதலிய தலங்களின் கோபுரங்களையும் பிராகாரங்களையும் பதிவு செய்தவர் இவரே. புகைப்படக் கலை உலகத்துக்கே புதிதாக இருந்த அந்நாளில், ஹண்டர் அதைத் தம் பள்ளியில் ஒரு பயிற்சியாகவே சேர்த்துக்கொண்டார்.

அந்நாளைய மாணவனின் உழைப்பைச் சற்றே கிட்டப் பார்க்க வேண்டுமானால் மரச் செதுக்கு அச்சை எடுத்துக்கொள்ளலாம். ஹண்டர் 1850இல் கலை, சாஸ்திரம், தொழில் ஆகியவற்றைப் பற்றிய ஒரு பத்திரிகையை ஆரம்பித்தார். அக்காலப் பத்திரிகைகளில் எழுத்தோடு சேர்த்துப் படத்தையும் அச்சிடுவதற்கு மரக் கட்டையே கருவி. மரத்தைக் குறுக்கே அறுத்து, இழையின் முனைகள் மேலே நிற்கும்படி இழைத்து மெருகிட்ட சிறு கட்டையில், கூர்முனை எஃகு உளியால் மயிரிழை போன்ற கோடுகளைக் கீற வேண்டும். கீறிய பள்ளம் காகிதத்தில் வெள்ளையாகும். மீந்த மேடு கறுப்பாகும். ஆகவே செதுக்குபவன் எப்போதும் இருளிலிருந்து ஒளியை எடுப்பவனாகவே சிந்திக்கப் பழக வேண்டும். இடமும் வலமும் மாறி விழும் என்பதையும் மறக்கலாகாது. ஒரு கீற்று வழுவினால் பல நாள் உழைப்பு வீண். இத்தகைய கட்டைகளைச் செதுக்கிய பையன்களின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. அவர்களுடைய வேலை கப்பலேறி அயல்நாட்டுக் காட்சிகளை அடைந்தது. ஆனால் காண வந்தவர்கள் அதை ஒரு மாகாணத்தின் திறமையாகக் கண்டார்களே அன்றி, ஒரு மனிதனுடைய சிருஷ்டியாகக் காணவில்லை.

ஒரு மனிதனின் பெயரைக் கண்காட்சியால் நிலைநாட்ட முடியும் என்பதை இந்நாட்டில் முதன்முதல் பெரிய அளவில் மெய்ப்பித்தவர், இக்கலாசாலையில் பயிலாத ஒருவர். கிளிமானூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த ரவிவர்மா, 1870களின் முற்பகுதியில் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்குத் தம் படத்தை அனுப்பினார். கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் மாதின் அந்தத் தைலவர்ணச் சித்திரம் கவர்னரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. அதற்குப் பிறகு அவருக்குக் கிட்டிய கியாதியை யாவரும் அறிவர். சமஸ்தானத்தின் ஆதரவில் ஒடுங்கியிருந்த ஓவியன், முன்பின் அறியாத மக்கள் கூடும் ஒரு மண்டபத்தில் தன் படத்தை மாட்டி, அவர்களுடைய தீர்ப்பை நாடலாம் என்ற புதிய வழக்கம் அவரால் கௌரவம் பெற்றது.

கலாசாலையோ அப்போது வேறு பாதையில் சென்றது. ஹண்டருக்குப் பின் அதன் தலைமைக்கு வந்தவர்களுள் ராபர்ட் சிஷோம் கட்டடக் கலைஞர். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை நிர்மாணித்தவர். 1884இல் வந்த ஈ. பி. ஹேவல், மாகாணத்தின் கைத்தொழில்களைச் சுற்றிப் பார்த்து ஆராய்ந்தார். ஐரோப்பிய மாதிரிகளைப் பிரதி செய்வதை விட இந்நாட்டு மரபிலிருந்தே மாணவன் கற்க வேண்டும் என்ற கொள்கை அவருக்கு இங்கேதான் உருப்பெறத் தொடங்கியது. பின்னர் அவர் கல்கத்தாவுக்குச் சென்று அவனீந்திரநாத் தாகூருடன் சேர்ந்து வளர்த்த இயக்கத்தின் ஆரம்பப் பாடம், தென்னாட்டுத் தறிகளிலும் பட்டறைகளிலும் அவர் கண்டது எனலாம்.

அவருக்குப் பின் இயந்திர சாஸ்திரப் பேராசிரியர் ஆல்பிரட் சாட்டர்டன் இங்கே செய்த பரீட்சை அதிசயமானது. பித்தளையும் செம்பும் புழங்கிய நம் சமையலறைகளுக்கு அலுமினியப் பாத்திரம் ஏற்குமா என்று பார்க்க, 1898ஆம் ஆண்டை ஒட்டி இந்தக் கலாசாலையிலேயே ஒரு பட்டறை தொடங்கினார். வேலை பெருகிற்று; லாபமும் வந்தது; 1903இல் அத்தொழில் முழுவதும் ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று ஏழை எளியவர் வீட்டில் உலைவைக்கும் பாத்திரத்தின் பூர்விகத்தைத் தேடிச் சென்றால், அது ஒரு சித்திரப் பள்ளியின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. அந்தத் தலைமுறை ‘யாருக்குக் காட்டுவது?’ என்ற கேள்விக்கு, ‘வாங்கிப் பயன்படுத்துகிறவனுக்கு’ என்று விடை கூறிற்று. அதை இழிவாக எண்ணுவோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. அடுப்பங்கரையை எட்டிய கலாசாலை என்பது எளிதில் வாய்க்காத பெருமை. அடுத்து வந்த டபிள்யூ. எஸ். ஹாடவே, மாகாணத்தின் துணி ஓவியத்தையும் அச்சுத் துணியையும் ஆராய்ந்து 1917இல் ஒரு நூல் வெளியிட்டதும் இந்தத் தொழில் நாட்டத்தின் தொடர்ச்சியே.

1929ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அந்த ஆண்டில்தான் முதன்முதலாக ஓர் இந்தியர் இதன் தலைமை ஆசனத்தில் அமர்ந்தார். வங்காளத்திலிருந்து வந்த தேவிபிரசாத் ராய் சௌதுரி, அவனீந்திரநாதரிடம் ஓவியம் பயின்றவர். சிற்பத்தில் ஐரோப்பிய முறையைக் கைவரப் பெற்றவர். மல்யுத்தமும் வேட்டையும் புல்லாங்குழலும் கதை எழுதுதலும் ஒருங்கே பொருந்திய விசித்திரமான ஆளுமை. 1957 வரை அவர் இங்கே இருந்தார். தொழிற் பட்டறையாக நின்ற இடத்தில், மனித உருவை நேருக்கு நேர் வைத்து வரைவதும் வார்ப்பதும் பிரதானமாயின. பரிதோஷ் சென், பிரதோஷ் தாஸ் குப்தா போன்ற வங்க இளைஞர்கள்கூட இவரை நாடிச் சென்னைக்கு வந்து பயின்று திரும்பினர். தாஸ் குப்தா 1943இல் கல்கத்தாக் குழு என்னும் நவீன ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார்.

ராய் சௌதுரி, தம் படைப்பைக் காண்பதற்கு டிக்கெட் வாங்கி வருகிறவனை எதிர்பார்க்கவில்லை. வீதியில் போகிறவன் முன்னே அதை நிறுத்தினார். பாட்னாவில் 1942ஆம் ஆண்டுத் தியாகிகள் எழுவருக்கு அவர் வடித்த நினைவுச் சின்னம், நம் மெரினாவில் காந்தியடிகளின் சிலை, உழைப்பாளர் சிலை ஆகியவை அத்தகையவை. நால்வர் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்க முனையும் உழைப்பாளர் சிலை, 1959ஆம் ஆண்டுக் குடியரசு தினத்துக்கு முந்திய நாள் கடற்கரையில் நிறுவப்பட்டது. ம. சிங்காரவேலர் 1923இல் மே தினம் கொண்டாடிய நகரத்துக்கு அது பொருத்தமான அணிகலன். அதற்கு மாதிரியாக நின்றவர்களுள் கலாசாலையின் இரவுக் காவல்காரர் ஒருவரும், மாணவர் ஒருவரும் அடங்குவர். வாயிலைக் காத்தவரின் முதுகும் தோளும் வெண்கலமாகி, லட்சக்கணக்கானவர் கடந்து செல்லும் கடற்கரையில் நிற்கின்றன. ஒரு கல்லூரி தன் ஊருக்கு அளித்த கண்காட்சிகளுள் இதனினும் நீடித்தது வேறில்லை.

சிற்ப வகுப்பின் வேலைமுறையையும் இங்கே சொல்லிவிடுவது தகும். மரத்தாலும் இரும்புக் கம்பியாலும் கட்டிய எலும்புக்கூட்டின் மேல் களிமண்ணை அப்பி உருவைச் சமைக்கிறார்கள். இரவில் மண் காய்ந்து வெடிக்காதபடி ஈரத்துணி போர்த்தி வைக்கிறார்கள். உரு முற்றுப்பெற்றதும் அதன்மேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுக்க வேண்டும். இந்த அச்சின் முதல் பூச்சில் மட்டும் சிறிது சாயம் கலப்பது வழக்கம். மண்ணை அகற்றிக் குழிவான அச்சினுள் புதுப் பிளாஸ்டரை ஊற்றி இறுகவிட்ட பின், வெளி அச்சை உளியால் துண்டு துண்டாக உடைத்தெடுக்கிறார்கள். வெள்ளை உதிர்ந்து சாயப் பூச்சு தென்பட்டவுடன், ‘உரு நெருங்கிவிட்டது’ என்று அறிந்து, சுத்தியல் பிடித்த கை தானாக மெதுவாகிறது. அந்த மெல்லிய சாயம் இல்லையேல் மூக்கும் விரலும் அச்சோடு போய்விடும். கண்காட்சியில் வெண்ணிறச் சிரசு ஒன்றைக் கண்டு இரண்டு விநாடி நின்று நகர்கிறவர்கள், அது எத்தனை ஈரத்துணிகளையும் உளியடிகளையும் தாண்டி வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கலாசாலைக்குள் பயிற்சி சிறந்தது. வெளியே காண்பாரும் வாங்குவாரும் அரிதாயினர். இசைக்கும் நாட்டியத்துக்கும் சென்னையில் சபைகள் பெருகின. 1927ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டிலிருந்து மியூசிக் அகாடமி பிறந்தது. 1936இல் கலாக்ஷேத்ரம் எழுந்தது. மார்கழி வந்தால் ஊர் முழுதும் கச்சேரி கேட்கும். சித்திரத்துக்கோ அப்படி ஒரு பருவமே அமையவில்லை. இக்குறையைத் தீர்க்கத் தாமே முன்வர வேண்டும் என்று கண்ட இளைஞர்கள், கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் 1944ஆம் ஆண்டு முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார்கள். பணிக்கர் இதே கலாசாலையின் மாணவர். பிறகு இங்கேயே ஆசிரியர். சங்கத்தின் முக்கியக் காரியம் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்துவதே. படங்களைச் சுமந்துகொண்டு பிற நகரங்களுக்கும் சென்றார்கள். எழும்பூரில் ஹென்றி இர்வின் முன்னர்க் கட்டிய விக்டோரியா ஞாபகார்த்த மண்டபம், சுதந்திரத்துக்குப் பின், 1951இல் தேசிய ஓவியக்கூடமாக மாறிற்று. 1954இல் தில்லியில் லலித் கலா அகாடமி தோன்றியபோது அதன் முதல் தலைவராக ராய் சௌதுரியே அமர்ந்தார்.

1957இல் பணிக்கர் கல்லூரித் தலைவரானார். பத்து ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். ஐரோப்பாவில் தம் படங்களைக் காட்டித் திரும்பிய அவருக்கு ஒரு வினா எழுந்தது: மேனாட்டார் முறையில் நன்றாக வரைவதனால் மட்டும் நாம் யார் என்று விளங்குமா? 1963ஆம் ஆண்டை ஒட்டி அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற சித்திர வரிசை அதற்கு விடை. ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்களும், படிக்க முடியாத எழுத்துப் போன்ற கீற்றுகளும், தாந்திரிக உருக்களை நினைவூட்டும் வடிவங்களும் அவற்றில் நிறைந்தன. கோடுகளையே உயிராகக் கொண்ட சென்னை ஓவிய மரபு என்று இன்று நாடு முழுதும் பேசப்படுவதற்கு அவரும் அவருடைய சகாக்களும் அஸ்திவாரம் இட்டனர்.

சகாக்களுள் தலையாயவர் எஸ். தனபால். மயிலாப்பூரில் 1919இல் பிறந்த இவர், ஓவியராகத் தொடங்கிச் சிற்பியானவர், நாட்டியமும் பயின்றவர். பெரியாரை நேரில் அமர்த்தி வடித்த சிரசு இவருடைய புகழ்பெற்ற படைப்பு. பின்னர்க் கல்லூரித் தலைவராகவும் விளங்கிய இவரிடம் பாடம் கேட்டவர்களின் பட்டியல், தமிழ்நாட்டு நவீனக் கலையின் பெயர்ப்பட்டியலுக்குச் சமம். ஏ. பி. சந்தானராஜ், எல். முனுசாமி ஆகியோரும் இதே கலாசாலையின் ஆசிரியர்கள். கிராமத்திலிருந்து தயக்கத்தோடு வந்த பையனுடைய கையில் கரித்துண்டைக் கொடுத்து, ‘உன் ஊர் அய்யனாரையும் குதிரையையும் நீ அறிவாய், அதிலிருந்து தொடங்கு’ என்று சொல்லாமற் சொல்லியது அந்த வகுப்பறைகளின் பெருஞ்சாதனை.

ஆனாலும் பட்டம் பெற்ற பின் சோற்றுக்கு என்ன வழி என்ற கேள்வி எஞ்சி நின்றது. இதற்குப் பணிக்கர் கண்ட உபாயம், கலாசாலையின் பழைய கைத்தொழில் மரபிலிருந்தே வந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஓய்வு நேரத்தில் பாத்திக் துணிகளைச் செய்யத் தலைப்பட்டார்கள். தேன்மெழுகையும் பாரபின் மெழுகையும் சேர்த்து உருக்கித் தூரிகையால் துணியில் வரைந்து, சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடம் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கும். வெளிறிய நிறத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் மெழுகிட்டு, கருமையான நிறத்தில் முடிக்க வேண்டும். மெழுகு நொறுங்கும் இடங்களில் சாயம் கசிந்து நரம்பு போல் ஓடும் கோடுகளே அதன் அழகு. கொதிநீரில் மெழுகை நீக்கியபின் கிடைக்கும் துணிகளை விற்பனைக் கண்காட்சிகளில் வைத்தார்கள். மக்கள் ஆர்வத்தோடு வாங்கினார்கள். ஓவியம் வாங்கத் தயங்கிய நகரம் துணி வாங்கத் தயங்கவில்லை! அந்தப் பணத்தைச் சேர்த்துச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை எழுப்பினார்கள். எந்தச் செல்வரின் தானத்தையும் எதிர்பாராமல், கைவேலையின் வருவாயால் ஓவியர்களே தமக்கென ஓர் ஊரை அமைத்துக்கொண்ட இச்செயலுக்கு நம் நாட்டில் ஈடு சொல்வது அரிது.

இந்தத் தலைமுறை ஓவியர்களுள் டி. கே. பத்மினியை மறக்கலாகாது. பெண்கள் ஓவியத்தைத் தொழிலாகக் கொள்வது அரிதாயிருந்த அந்நாளில், கேரளத்திலிருந்து வந்து பணிக்கரிடம் பயின்று, கிராமத்துப் பெண்ணின் தனிமையையும் கனவையும் இருண்ட வண்ணங்களில் தீட்டிய அவர், 1969இல் முப்பது வயதை எட்டுமுன்பே மறைந்தார். அவருக்கு வாய்த்த சில ஆண்டுகளில் அவர் வரைந்தவற்றைக் கண்காட்சிகள் மக்கள் முன் வைத்திராவிட்டால், அந்த ஜீவியத்தின் தடயமே இல்லாமற் போயிருக்கும்.

இந்தக் கலாசாலையின் படைப்புகள் மண்டபச் சுவர்களை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழ் வாசகனுக்கு வாராந்தரக் கண்காட்சி ஒன்று உண்டு. அது அவன் வாசிக்கும் பத்திரிகை. இங்கே பயின்ற சில்பி, ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்ற வரிசையில் கோயிற் சிற்பங்களைக் கோட்டோவியமாக்கி வீடுதோறும் கொண்டு சேர்த்தார். சங்கீத வித்துவானாகவும் சித்திரக்காரராகவும் விளங்கிய எஸ். ராஜமும் இப்பள்ளியின் மாணவரே; தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் மூவரையும் அவர் தீட்டிய படம் சபைகளிலும் பூஜையறைகளிலும் இன்றளவும் விளங்குகிறது. அடுத்த தலைமுறையில் கே. எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டை ஒட்டிக் காந்தியடிகளின் வாழ்வை எண்ணற்ற கோட்டோவியங்களாக வடித்ததோடு, புதுக்கவிதைக்கும் சிறுகதைக்கும் முகப்பாகத் தம் கோடுகளை வாரி வழங்கினார். சிறுபத்திரிகைகளும் ஓவியர்களும் கைகோத்த அந்த 1970களில், எழுத்தாளன் ஓவியக்கூடத்துக்குப் போகவும் ஓவியன் இலக்கியக் கூட்டத்தில் அமரவும் பழகினார்கள். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்தை வாசிக்கையில் ஆதிமூலத்தின் கோடும் சேர்ந்தே மனத்தில் எழுவது அந்தப் பழக்கத்தின் பயன்.

பிறகு மண்டபங்கள் பெருகின. 1978இல் கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் அமைந்து, ஓவியக் கூடத்தோடு அச்சோவியத்துக்கும் சிற்பத்துக்கும் பட்டறைகளையும் அளித்தது. மாமல்லபுரத்தில் 1957இல் வைத்தியநாத ஸ்தபதியின் தலைமையில் தொடங்கிய சிற்பக் கல்லூரி, ஆகமச் சிற்பத்துக்குத் தனி வழி வகுத்தது. 2013இல் இசைக்கும் கவின்கலைக்கும் ஒரு பல்கலைக்கழகம் ஏற்பட்டு, இக்கல்லூரிகளை ஒருங்கிணைத்தது. தனியார் ஓவியக்கூடங்களும் நகரில் பல உண்டு. காட்டுவதற்கு இடமில்லை என்ற பழைய குறை பெரும்பாலும் தீர்ந்தது. காண வருவோர் போதவில்லை என்ற குறை தீரவில்லை. கண்காட்சியின் தொடக்க நாளில் திரள்வோர் பெரும்பாலும் பிற ஓவியர்களும் மாணவர்களின் நண்பர்களுமே. மறுநாள் முதல், தம் படத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, யாராவது ஒருவர் நின்று பார்ப்பாரா என்று வாசலை நோக்கியிருக்கும் இளைஞர்களை நான் பன்முறை கண்டிருக்கிறேன். அது எனக்கு மிக்க வருத்தத்தைத் தருகிறது.

ஏனெனில், கண்காட்சி என்பது படிப்பு முடிந்தபின் நடக்கும் விழா என்று எண்ணுவது தவறு; அது படிப்பின் இறுதிப் பாடம். சட்டமிட்டு, கண்மட்டத்தில் மாட்டி, எந்தப் படத்தின் பக்கத்தில் எது இருந்தால் ஒன்றை ஒன்று கொல்லாது என்று தேர்ந்து, வெளிச்சத்தைத் திருத்தி, தலைப்பும் ஊடகமும் அளவும் எழுதிய சிறு அட்டையைக் கீழே ஒட்டும்போதுதான், மாணவன் தன் படைப்பை முதன்முதலாகப் பிறன் கண்ணால் பார்க்கிறான். ஆசிரியர் சுட்டிக்காட்டாத குறை அப்போது அவனுக்கே புலனாகிறது. அதற்குப் பின் ஒரு வழிப்போக்கர் வந்து, ‘தம்பி, இது என்ன?’ என்று கேட்கும் எளிய கேள்விக்கு விடை தேடும் முயற்சியில், அவன் தன் கலையைப் பற்றி அறிந்துகொள்வது எந்த நூலிலும் இல்லாதது. ஹண்டர் காலத்துப் பையனுக்குக் கிட்டாத பாக்கியம் இது: அவன் வேலையைக் கண்டவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள், அவர்களுடைய கேள்வி அவன் காதில் விழவே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை இப்போது நமக்கு உரியது. நவீன ஓவியம் புரியாது என்று ஒதுங்குவோர், சங்கீதக் கச்சேரிக்கு ராக லட்சணம் அனைத்தையும் அறிந்த பிறகா போகத் தொடங்கினார்கள் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். கேட்டுக் கேட்டுக் காது பழகிற்று. அவ்வாறே பார்த்துப் பார்த்துக் கண்ணும் பழகும். ஆகவே, உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ கலைக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சி நடக்கப்போகிறது என்ற அறிவிப்பைக் காண நேர்ந்தால், ஒரு மாலைப் பொழுதை அதற்கு ஒதுக்குங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு படத்தின் முன்னும் சற்றுத் தாமதியுங்கள். செய்தவரிடம் எப்படிச் செய்தீர்கள் என்று விசாரியுங்கள். இயலுமானால் சிறிய அச்சோவியம் ஒன்றையாவது விலை கொடுத்து வாங்கி, நாட்காட்டி தொங்கும் சுவரில் மாட்டுங்கள். நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளாகக் கலாசாலை தன் பங்கைச் செய்து வந்திருக்கிறது. மீந்த பங்கு காண்பவருடையது.